மழையில் காயப்போட்ட கால்மிதி

"நீதி கீதியெல்லாம் எனக்கு வேண்டாம் தாயி. அவன் பயப்படணும். அம்புட்டுதான்."

சொல்லிவிட்டுப் பேராச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை இல்லை, மழைதான். கீழே மும்பை கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். அதில் நடந்து, மாடிப்படி ஏறி, ஷ்யாமளாவின் ஒற்றை அறை ஆபீசுக்குள் வந்து நின்றவளின் புடவையிலிருந்து சொட்டிய தண்ணீர் மேஜைக் கால்வரை ஓடிவிட்டது.

"எப்படிப் பயப்படணும்?" என்று கேட்டாள் ஷ்யாமளா. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தே தலை நரைத்து, பிறகு துப்பறிவதையே சொந்தத் தொழிலாக வைத்துக்கொண்டவள். எந்தக் கேள்வியையும் ரயில் டைம் விசாரிப்பது போலத்தான் கேட்பாள்.

"கைப்பிடியில கை ஒட்டிக்கிட்டப்ப எம்புள்ள பயந்திருப்பாம்லா? விடவும் முடியாம, கத்தவும் முடியாம? அந்தப் பயம். அதை அவன் மூஞ்சியில பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லணும். ஏல யாசர், நீ பாத்துச் சொல்லு. நீ பொய் சொல்லமாட்ட."

ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றிருந்த யாசர் திரும்பவில்லை. "சொல்லுதேன் பெரியம்மா," என்றான்.

பேராச்சி போன பிறகும் அவன் அப்படியே நின்றான். ஷ்யாமளாவின் உதவியாள், தாராவியில் பிறந்து வளர்ந்தவன். பேராச்சியின் மகன் தமிழ்செல்வனும் அவனும் ஒரே சந்து, ஒரே பள்ளிக்கூடம், ஒரே சைக்கிளில் மாறி மாறி விழுந்தவர்கள். இப்போது தமிழ்செல்வன் மண்ணுக்குள். அவனைக் கொன்றதாகப் பழி சுமந்து லாக்கப்பில் கிடப்பவர் யாசரின் தாய்மாமா உதுமான்.

"ஏன்டா, வாயே திறக்கலை? காலைலேர்ந்து ஒரு ஜோக் கூட வரலையே?"

"ஜோக்கெல்லாம் சார்ஜ்ல போட்டிருக்கேன் மேடம்."

"சரி. அதுவரைக்கும் எனக்கு இந்தக் கேரவன் சமாசாரத்தைப் புரியவை. போலீஸ் என்ன சொல்றா, நீ என்ன சொல்றே?"

யாசர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"வீட்டுக்குச் சக்கரம் மாட்டினா கேரவன். படுக்க, குளிக்க, சமைக்க எல்லாம் உள்ளேயே. எங்க மாமா தாராவி ஒர்க்‌ஷாப்புல அதைத்தான் கட்டறார். செம்பூர்ல மாதவ்னு ஒருத்தன், நம்ம மாட்டுங்கா மாமா மாமிகளைப் பண்டரிபுரம், ஷீரடின்னு கூட்டிட்டுப் போறவன், மாமாகிட்ட ஒரு வண்டி வாங்கினான். நம்ம தமிழ்செல்வன் அதுக்கு டிரைவர். போன வாரம் பண்டரிபுரம் கெளம்பவேண்டிய வண்டி, மலையேறற காட் ரோடு மழையில அடைச்சதால செம்பூர்ல மாதவ் வீட்டுச் சந்துலயே நின்னுச்சு. கணபதி மண்டபத்துக்குப் பக்கத்துல. காலையில கொட்டற மழை. தமிழ் வந்து கதவுக் கைப்பிடியைப் பிடிச்சான். அவ்வளவுதான்."

"மாதவ் என்ன சொல்றான்?"

"வெளிவயரே, அதான் வெளியிலேர்ந்து வண்டிக்குக் கரண்ட் எடுக்கற வயர், மாட்டலையாம். வண்டி மொத்தமும் பேட்டரியில ஓடிச்சாம். மாமா வெச்ச இன்வெர்ட்டர் பெட்டி கெட்டுப்போய், கரண்டு வண்டித் தகரத்துல ஏறி, தமிழைக் கொன்னுடுச்சாம். அத்தாட்சியும் வெச்சிருக்கான். மாமா வண்டியோட குடுத்த மஞ்சள் வயர், சுருள் பிரிக்காம அப்படியே லாக்கர்ல கிடக்கு."

"வேற வயர் இருந்ததா?"

"இருந்துச்சு. கறுப்பு வயர். தமிழே எங்கிட்டச் சொன்னான். மண்டபத்து லைட் போர்டுல மூணாவது ஓட்டை அடைச்சுக் கிடக்கு. மாமா குடுத்த மூணு கால் பிளக் அதுல ஏறாது. மாதவ் என்ன செஞ்சான், கறுப்பா ஒரு வயர் வாங்கி, பிளக்கோட எர்த் காலை வெட்டிப் போட்டுட்டுச் சொருகினான். ஈரத்துல கரண்டு கசிஞ்சா அதைப் பூமிக்கு அனுப்பற கால் அது. அதை வெட்டிட்டா, கரண்டு ஆளைத்தான் தேடும். தமிழுக்கு அதுல ஒரு தடவை சுருக்குன்னு அடிச்சிருக்கு. 'சார், வேற வயர் மாட்டுங்க'ன்னு போய்ச் சொன்னான். அதுக்கு மாதவ், 'உங்க தாராவி உடம்புக்கு இதெல்லாம் டானிக்'னானாம். மண்டபத்துல அத்தனை பேர் பாக்க, தமிழ் விட்டான் ஒரு அறை."

"அறைஞ்சானா?"

"அறைஞ்சான். மாதவோட கண்ணாடி கணபதி காலடியில போய் விழுந்துச்சு. அடுத்த வாரம் தமிழ் செத்தான். கறுப்பு வயரைக் காணோம்."

ஷ்யாமளா பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"பேட்டரியா, வெளிக்கரண்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? வயர் இல்லை. பார்த்த சாட்சி இல்லை."

"மாமா கட்டற வண்டியில ரெண்டு வரிசை ஸ்விட்ச் இருக்கும் மேடம். மேல பச்சை, கீழ சிவப்பு. பச்சை, பேட்டரி. லைட்டு, ஃபேன், தண்ணி பம்ப், சின்ன ஃபிரிட்ஜ், போன் சார்ஜர். சிவப்பு, வெளிக்கரண்ட். ஏசி, கீஸர், இண்டக்‌ஷன் அடுப்பு."

"ஏன், பேட்டரியில ஏசி ஓடாதா?"

"பேட்டரிங்கறது டிபன் டப்பா. வீட்டுலேர்ந்து கட்டிட்டு வந்ததைத்தான் திங்கணும். வெளிக்கரண்ட் நம்ம மாட்டுங்கா மெஸ். இலை முன்னாடி உட்கார்ந்துட்டா எழுந்திருக்கறவரைக்கும் வந்துட்டே இருக்கும். லைட்டு, ஃபேன் எல்லாம் பத்தியக்காரங்க, டப்பாவே போதும். ஏசியும் கீஸரும் பெருந்தீனி. டப்பாச் சோத்தைக் காட்டினா ஒரே வாயில முடிச்சிட்டு டப்பாவையும் கடிக்கும்."

"இன்வெர்ட்டர்?"

"டப்பாச் சோத்தை மெஸ் தட்டுல வெச்சுத் தர்ற சர்வர். பேட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டா மாத்தித் தரும். டிவிக்கும் லேப்டாப்புக்கும் மட்டும். சிவப்பு வரிசைப் பக்கம் மாமா அதை எட்டிப் பாக்கவே விடமாட்டார்."

"ஜோக் சார்ஜ் ஏறிடுத்து போலிருக்கே." ஷ்யாமளா எழுந்து குடையை எடுத்தாள். "அப்போ நமக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். அன்னிக்குக் காலைல வண்டிக்குள்ளே எது ஓடித்து? பச்சையா, சிவப்பா?"

"ஏசி ஓடிச்சான்னு கேக்கலாம்."

"கொட்டற மழைக் குளிர்ல எவன்டா ஏசி போடுவான்? வா. வண்டிக்குள்ளே இருந்த மனுஷரையே கேப்போம்."

வண்டிக்குள் இருந்த மனுஷர் வேங்கடசுப்ரமணியன். மாட்டுங்காவில் தரைத்தளத்து வீடு, வீட்டுக்குள் மழைத் தண்ணீர். பண்டரிபுரத்துக்கு முன்பணம் கட்டியிருந்த தைரியத்தில் செம்பூருக்குப் போய், காட் ரோடு திறக்கிறவரைக்கும் கேரவனிலேயே தங்கியிருந்தவர். சாவுக்குப் பிறகு சான்பாடாவில் மகள் ஹரிதாவின் பிளாட்டில் இருக்கிறார்.

கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி வடாலாவில் மாறினார்கள். குர்லா தாண்டியதும் யாசர் ஆரம்பித்தான்.

"மேடம், வயர் மாட்டியிருந்தான்னே நிரூபிச்சாலும் என்ன ஆகும்? கவனக்குறைவும்பாங்க. தப்பா பிளக் மாட்டினேன், மன்னிச்சிருங்கம்பான். ஜாமீன்ல வந்து கணபதிக்கு மோதகம் படைப்பான்."

"வரட்டுமே."

"நான் வுடமாட்டேன்."

"என்ன செய்வே?"

"அவன் அதே கைப்பிடியைப் பிடிக்கணும். அதே வயர்ல."

ஷ்யாமளா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வாஷி பாலத்தின் கீழே தண்ணீர் கலங்கிக் கிடந்தது. "இறங்கும்போது குடையை மறந்துடாதே," என்றாள்.

சான்பாடாவில் கதவைத் திறந்த ஹரிதா, "அப்பா, உன்னைப் பார்க்க வந்திருக்கா," என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுக் காபி கலக்கப் போனாள். வேங்கடசுப்ரமணியன் விபூதியும் வேட்டியுமாக சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆகியும் ஆபீஸ் சூப்பிரண்டென்டாகவே இருப்பவர்.

"எல்லாம் போலீஸ்ட்ட சொல்லியாச்சும்மா. வயர் கியர் ஒண்ணும் நான் பார்க்கலை. எல்லாம் பேட்டரிதான்னு மாதவ் சொன்னான். தங்கமான பையன். அவனைப் போய் இழுக்கறேளே!"

"இழுக்கலை மாமா. உங்களுக்கு என்ன சிரமம் ஆச்சோன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அந்த டப்பா வண்டியில ஒரு வாய் காபிகூட நேரத்துக்குக் கிடைச்சிருக்காது, பாவம்."

"ஏன் கிடைக்காம? மாதவ் பிளாஸ்க்ல டிகிரி காபி கொண்டுவந்து வெச்சுடுவான்."

"எழுந்த உடனேயேவா?"

வேங்கடசுப்ரமணியன் ஷ்யாமளாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ மாட்டுங்காக்காரிதானே? என்ன கேள்வி கேக்கறே? ஸ்நானம் பண்ணாம காபியா? எங்காத்துல என் பேரன் கூட அப்படிக் குடிச்சதில்லை."

"வண்டியில எங்கே மாமா குளிக்கறது? மழை நாள்ல, பச்சைத் தண்ணியில..."

"பச்சைத் தண்ணியாவது! கீஸர் இருக்கே. குழாயைத் திருகினா கையை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. சாவு விழுந்த அன்னிக்குக் கூட ஜோரா வெந்நீர்ல குளிச்சு, ஜபத்தை முடிச்சு, காபியைக் கையில எடுக்கறேன்... அப்போதான் வெளியே சத்தம்."

யாசரின் கையிலிருந்த டபரா டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. சிவப்பு வரிசை.

"பழைய சூடா இருக்கும் மாமா," என்றான் மெதுவாக. "முந்தின நாள் காய்ச்சினது தொட்டியில தங்கியிருக்கும்."

"தொட்டியே கிடையாதுப்பா. நீ பார்த்ததில்லையா? சுவத்துல சின்னப் பெட்டி. குழாயைத் திறந்தா சூடு, மூடினா போச்சு."

யாசருக்குத் தெரியாதா? அந்தப் பெட்டியைச் சுவரில் மாட்டும்போது மாமாவுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டவனே அவன்தான்.

"இதைப் போலீஸ்ல சொன்னேளா மாமா?" என்றாள் ஷ்யாமளா.

"நான் குளிச்சேனான்னு போலீஸ்காரன் எதுக்குக் கேக்கப்போறான்? வயர் பார்த்தியான்னான். பார்க்கலைன்னேன். பொய்யா?"

"இல்லவே இல்லை. மாதவ் உங்களை நன்னாத்தான் பார்த்துண்டிருக்கான்."

"அதைச் சொல்லு! நான் இறங்கறப்போ ஏறறப்போ எல்லாம் வாசல்ல ரப்பர் மேட் போடுவான். இவ்வளவு தடிமன். 'அதுமேல கால் வெச்சு இறங்குங்கோ மாமா, அப்புறம் கைப்பிடியை விடுங்கோ'ம்பான். பெத்த பிள்ளை பண்ணமாட்டான். உள்ளே பூஜைப் பெட்டி இருக்குன்னு யாரையும் செருப்போட வாசப்படியில கால் வைக்க விடமாட்டான். அந்த டிரைவர் பையனும் மரியாதையா செருப்பைக் கழட்டிட்டுத்தான் வருவான், பாவம்."

"அன்னிக்கும் மேட் இருந்ததா?"

"அன்னிக்கு... இல்லை. குளிச்சுட்டு எட்டிப் பார்க்கறேன், வாசல்ல மேட்டைக் காணோம். எங்கடான்னேன். 'கழுவிக் காயப்போட்டிருக்கேன் மாமா, நான் சொல்றவரைக்கும் இறங்காதீங்கோ'ன்னான். சுத்தபத்தமான பையன்."

"ரொம்ப சுத்தம்," என்றாள் ஷ்யாமளா. "ஹரிதா, காபி பிரமாதம்மா."

லிஃப்டில் இறங்கும்போது யாசருக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. "கீஸர் மேடம்! சிவப்பு வரிசை! குளிக்காம காபி குடிக்கமாட்டேன்னு ஒரு மனுஷன் பிடிவாதமா இருந்ததால எங்க மாமா வெளியே வர்றார்!"

"உன் மாமா வருவார். பேராச்சி கேட்டது வேறடா."

"அதான் சொன்னேனே, கவனக்குறைவு..."

"கவனக்குறைவுன்னு யார் சொன்னா?" லிஃப்ட் கதவு திறந்தது. "கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில கறுப்பு வயர் கிடைக்குமா?"

"எவ்வளவு வேணும்?"

"மாதவ் பார்த்தா அடையாளம் தெரியற அளவுக்கு."

மறுநாள் மத்தியானம் செம்பூர் சந்தில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மண்டபத்துத் தார்ப்பாயின் கீழே, பாதி வர்ணம் பூசிய கணபதிக்குப் பின்னால், சப்-இன்ஸ்பெக்டர் ஸ்மிதா நின்றிருந்தாள். தமிழர் நிறைந்த சயான் கோலிவாடாவில் வளர்ந்தவள், தமிழ் புரியும்.

"பஞ்சநாமா, சாட்சிகளை வெச்சு இடத்தைப் பார்த்து எழுதறதுன்னு சொல்லித்தான் மாதவை வரச்சொல்லியிருக்கேன் ஷ்யாமளாஜி. வண்டியையும் பழைய இடத்துலயே நிறுத்தியாச்சு. ஒரே ஒரு தடவை. ஒண்ணும் கிடைக்கலைன்னா எனக்கு மேலே இருக்கறவங்க என்னைக் காயப்போட்டுருவாங்க."

"காயப்போடறதுக்கு முதல்ல வெயில் வேணும்," என்றாள் ஷ்யாமளா. ஸ்மிதாவுக்குப் புரியவில்லை.

யாசர் கேரவனின் பின்பக்கம் குந்தியிருந்தான். மண்டபத்துப் போர்டிலிருந்து கறுப்பு வயர் கிளம்பி, சேற்றில் நெளிந்து, வண்டிக்கு அடியில் புகுந்து அவன் கையில் முடிந்தது. நேற்று ஷ்யாமளா தெளிவாகச் சொல்லியிருந்தாள். பிளக்கைப் போர்டில் சொருகினமாதிரி வை. மறுமுனை வண்டியைத் தொடக்கூடாது. டயருக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு நகர்ந்து நில்.

யாசர் நிஜமாகவே சொருகிவிட்டிருந்தான். நகர்ந்து நிற்கவும் இல்லை. அந்த முனையைக் கையிலேயே வைத்திருந்தான். ஒரு முழம் தள்ளித்தான் வண்டியின் சாக்கெட். மூடியைத் திறந்து வைத்தாயிற்று. ஒரே அழுத்து. தமிழ்செல்வனுக்குக் கிடைத்தது மாதவுக்கும் கிடைக்கும்.

காலைக் கழுவிக்கொண்டு வந்தவன் போலச் சுத்தமாக வந்து இறங்கினான் மாதவ். தங்க ஃபிரேம் கண்ணாடி, கையில் நீளக் குடை. வயர் கண்ணில் பட்டதும் குடை ஒரு தடவை ஆடியது.

"இது என்ன?"

"என்ன மாதவ்?" கேரவனுக்கு உள்ளேயிருந்து ஷ்யாமளாவின் குரல். உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. ஏதோ விர்ரென்று சுற்றும் சத்தம் வேறு. "உள்ளே வாங்கோ, பேசலாம். மழையில நிக்கறேளே."

"இந்த வயர்... எதுக்கு மாட்டியிருக்கேள்?"

"ஏசிக்குத்தான். புழுங்கறது. நீங்கதான் போலீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேளே, இந்த வண்டிக்கு வெளிவயரால ஒரு ஆபத்தும் இல்லை, கோளாறெல்லாம் இன்வெர்ட்டர்லன்னு? இன்வெர்ட்டரை நிறுத்திட்டேன். வாங்கோ. செருப்பை மட்டும் கழட்டிடுங்கோ. மாமாவோட பூஜைப் பெட்டி இங்கேதான் இருக்கு."

"செருப்பு இருக்கட்டுமே..."

"அதெப்படி? நீங்க போட்ட சட்டம்தானே? உங்க டிரைவர் கழட்டினான். நீங்க கழட்டமாட்டேளா?"

சந்தில் ஆள் சேர்ந்துவிட்டது. மண்டபத்துப் பையன்கள், பூக்காரி, எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு முகங்கள். அறை விழுந்த அன்று வேடிக்கை பார்த்த அதே கூட்டம். மாதவ் செருப்பைக் கழற்றினான். வெறுங்கால் சேற்றில் பதிந்தது. கை கைப்பிடியை நோக்கிப் போனது. நின்றது.

வண்டிக்கு அடியில் யாசருக்கு அந்த வெள்ளைப் பாதங்கள் மட்டும் தெரிந்தன. விரல்கள் சேற்றுக்குள் மடங்கிக்கொண்டன. சாக்கெட்டுக்கும் யாசரின் கைக்கும் இடையே இப்போது முழம்கூட இல்லை.

"என்ன மாதவ், கைப்பிடியைத் திருகுங்கோ."

"பிளக்கை முதல்ல பிடுங்கச் சொல்லுங்கோ."

"ஏன்?"

"பிடுங்கச் சொல்லுங்கோன்னா!"

"அப்போ இருங்கோ, நானே வந்து கையைப் பிடிச்சு ஏத்தறேன்."

"வேண்டாம்! நீங்க தொடாதீங்கோ, என்னைத் தொடாதீங்கோ!" மாதவின் குரல் கிழிந்தது. குடை சேற்றில் விழுந்தது. "அதுல எர்த் இல்லை! அந்த வயர் எப்படி உங்க கைக்கு வந்தது? நான் அதை... மேட் எங்கே? ரப்பர் மேட் எங்கே? மேட்டைப் போடுங்கோ முதல்ல!"

கேரவன் கதவு உள்ளிருந்து திறந்தது. வாசலில் ஷ்யாமளா.

"கழுவிக் காயப்போட்டிருக்கேன் மாதவ்," என்றாள்.

கொட்டுகிற மழையில் அந்த வார்த்தை அவன் முகத்தில் இரண்டாவது அறையாக விழுந்தது.

தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து ஸ்மிதா வெளியே வந்தாள். ஷ்யாமளா அவளிடம்தான் பேசினாள். ஆனால் சந்து முழுக்கக் கேட்கிறமாதிரி.

"வண்டித் தகரத்துல கரண்டு ஏறியிருந்தா உள்ளே இருக்கறவனுக்கு ஒண்ணும் ஆகாது, கம்பியில உட்கார்ந்த காக்கா மாதிரி. வண்டியையும் ஈரத் தரையையும் சேர்த்துத் தொடறவன்தான் சாவான். இது இவனுக்கு முன்னாடியே தெரியும். அதனாலதான் வேங்கடசுப்ரமணியன் மாமா இறங்கறப்போ எல்லாம் ரப்பர் மேட் போட்டான். பாசமில்லை, பயம். மாமாவுக்கு ஏதாவது ஆனா மாட்டுங்காவே திரண்டு வந்துடும். ஆனா அந்த ஒரு நாள் காலைல மட்டும் மேட்டை எடுத்துட்டான். மாமா கேட்டப்போ காயப்போட்டிருக்கேன்னான். அப்படி ஒரு மழையில எந்த மடையன் மேட்டைக் காயப்போடுவான்? மாமாவை இறங்காதீங்கோன்னு உள்ளேயே நிறுத்தினான். தமிழ்செல்வன் செருப்பைக் கழட்டிட்டுத்தான் கைப்பிடியைத் தொடுவான்னு தெரியும். வரச்சொல்லிட்டு, தள்ளி நின்னு பார்த்தான். ஒரு அறைக்குப் பழி. ஸ்மிதா, இது கவனக்குறைவு இல்லை."

"நான்... நான் மாட்டலை..." மாதவ் பின்னால் நகர்ந்தான். கால் வயரில் பட்டது. பாம்பை மிதித்தவன் போல ஒரே துள்ளல். கண்ணாடி கழன்று விழுந்தது. வாய் திறந்திருக்க, சத்தமே வரவில்லை. இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, எதையும் தொட்டுவிடாமல், யாரும் தன்னைத் தொட்டுவிடாமல், சேற்றுக்கு நடுவே நின்று நடுங்கினான்.

வண்டிக்குப் பின்னாலிருந்து யாசர் எழுந்து வந்தான். கையில் வயரின் முனை.

"சார், சார், பதறாதீங்க. இங்க பாருங்க, வண்டிக்கும் வயருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. நீங்க கேட்டது ஏசி சத்தம் இல்லை, கூரை ஃபேன். எல்லாம் பச்சை வரிசை. பேட்டரி. டிபன் டப்பா சார். இது ஆளைக் கடிக்காது."

முனையைப் பத்திரமாகத் தார்ப்பாயின் கீழே காய்ந்த பலகைமேல் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, வெறுங்காலைச் சேற்றில் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்தான். பிடித்தபடியே மாதவைப் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பேராச்சிக்குச் சொல்லவேண்டுமே.

"எங்க உதுமான் மாமா கட்டின வண்டி," என்றான். "இப்படித்தான் இருக்கும்."

ஸ்மிதாவின் ஆட்கள் மாதவை ஜீப்பில் ஏற்றினார்கள். ஜீப்பின் இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறச் சொன்னபோதும் கை தயங்கியதைப் பார்த்து மண்டபத்துப் பையன்கள் விசிலடித்தார்கள்.

கூட்டம் கலைந்தது. போர்டின் ஸ்விட்சை அணைத்து ஷ்யாமளாதான் பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கியதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். எர்த் கால் இல்லை. புதிதாக வெட்டிய இடம் பளபளத்தது.

"நான் உன்னை வாங்கச் சொன்னது முழு பிளக்."

"ஆமா மேடம்."

"கால் எங்கே?"

"போர்டுல மூணாவது ஓட்டை அடைச்சுக் கிடக்கே. வேற எப்படிச் சொருகறது?"

"அதுக்குப் போர்டு பக்கம் சும்மா செருகினமாதிரி காட்டியிருந்தாலே போதும். கரண்டு வேண்டியதில்லை. அந்த முனையை டயருக்குப் பின்னாடி வெச்சுட்டு நகருன்னேன். நீ நகரலை."

யாசர் சட்டையில் கையைத் துடைத்தான். சேறுதான் பரவியது.

"மாட்டணும்னுதான் வந்தேன் மேடம்."

"ஏன் மாட்டலை?"

"அவன் கால் விரல் மடங்கறது தெரிஞ்சுது. என் கை ஒரு நிமிஷம் என் பேச்சையே கேக்கலை. அப்போ ஒண்ணு தோணிச்சு. இது மாமா வண்டி. இதுல இன்னொருத்தன் செத்தா, உதுமான் கட்டின வண்டி ஆளைக் கொல்லும்னு ஊரே முடிவு பண்ணிடும். தமிழைக் கொன்னதும் மாமாதான்னு ஆகிடும்."

"அதனாலதானா?"

"அதனால மட்டும்தான் மேடம். அவனுக்காக இல்லை."

ஷ்யாமளா பிளக்கைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "பேராச்சிக்கு போன் போடு."

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"பெரியம்மா, யாசர் பேசறேன். பிடிச்சாச்சு. வேணும்னே கொன்னான்னு எல்லார் முன்னாலயும் தெரிஞ்சு போச்சு. மாமாவை வுட்டுருவாங்க."

"அதை ஒங்க வீட்டுல சொல்லு, சந்தோசப்படுவாக. நான் கேட்டது?"

"பயந்தான் பெரியம்மா."

"எப்படி?"

"வெறுங்காலோட சேத்துல நின்னான். வாய் திறந்தாப்புல இருந்துச்சு, சத்தம் வரல. ரெண்டு கையையும் நெஞ்சோட ஒட்டிக்கிட்டான். எதைத் தொட்டாலும் செத்துருவோம்னு நின்னான். போலீஸ் ஜீப்பைத் தொடக்கூடப் பயந்தான்."

மறுபக்கம் தாராவிச் சந்தில் யாரோ தகரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது.

"வயரு ஒன் கையில இருந்துச்சால?"

யாசர் ஷ்யாமளாவைப் பார்த்தான். அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சு பெரியம்மா."

"மாட்டலையா?"

"மாட்டல."

"நானா இருந்தா மாட்டிருப்பேன்," என்று சொல்லிவிட்டுப் பேராச்சி போனை வைத்துவிட்டாள்.